ஊசிமுனையில் ஓர் அறம்
– வால்டெமர் ஹாஃப்கின் வாழ்வும் பணியும் –

மருந்து என்றவுடன் நம் நினைவிற்கு வருவது வாய்வழி உட்கொள்ளும் மருந்தேயாகும். ஆயினும் தமிழர்தம் சித்த மருத்துவம் தொன்றுதொட்டே மருந்தினை அக மருந்து, புற மருந்து என இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் முப்பத்திரண்டு வகைகளை வகுத்துள்ளது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், களிம்பு, கீறல், அட்டை விடல் எனப் புற மருந்தின் பட்டியல் நீண்டு செல்கிறது. தலைவலிக்கு நெற்றியில் சுக்கை உரைத்துப் பற்றிடுவதும், சளிக்கு வேது பிடிப்பதும், சுளுக்கிற்கு எண்ணெய் பூசி நீவி விடுவதும் நம் புதுக்கோட்டைச் சீமையின் ஊர்ப்புறங்களில் இன்றும் காணத்தக்கனவே. உடலின் மேற்புறத்திலிருந்தே உள்ளிருக்கும் நோயைத் தணிக்க இயலும் என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தமை இதனால் புலனாகும்.

எனினும் தோல் எல்லா மருந்தினையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. அதன் மேலடுக்கு, உயிரற்ற செல்கள் செங்கல் போல் அடுக்கப்பட்டு, இடையிடையே கொழுப்புப் பூசப்பட்ட ஒரு மதிலாகும். தடிமனில் அது ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருப்பினும், நீரையும் கிருமியையும் பெரும்பாலான மருந்துகளையும் தடுத்து நிறுத்திவிடும். நுண்ணிய மூலக்கூறுகளைக் கொண்டனவும் கொழுப்பில் கரைவனவுமான சில மருந்துகளே அதனை ஊடுருவும். ஏனையவற்றை உட்செலுத்த வேண்டுமெனில் அம்மதிலில் ஒரு வாயிலைத் திறந்தாக வேண்டும். அம்மை குத்துதலும் ஊசியும் அத்தகைய வாயில்களே. நம் ஊர் முதியோர் பலரின் மேற்கையில் வட்ட வடுவாய் இன்றும் விளங்கும் அம்மைத் தழும்பு, அவ்வாயில் திறக்கப்பட்டதன் அடையாளம் ஆகும்.

ஊசியின் துணைகொண்டு இந்நாட்டு மக்களை இருபெரும் கொள்ளைநோய்களிலிருந்து காக்க முற்பட்டவர் வால்டெமர் ஹாஃப்கின் என்னும் அறிஞர். மருந்து தோலைக் கடப்பதற்கு ஊசி மட்டும் போதாது, மக்களின் நம்பிக்கையும் வேண்டும் என்பதனைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் அவர். அவ்வாழ்வினை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இளமையும் இடர்களும்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், கருங்கடற்கரையில் அமைந்த ஒடெஸா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டில் உள்ள அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசின் ஆளுகைக்குட்பட்டிருந்தது. ஒடெஸா பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்ற அவருக்கு ஆசானாய் வாய்த்தவர் இலியா மெச்னிக்கோவ். உடலுக்குள் புகும் கிருமிகளை வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கும் செயலைக் கண்டறிந்து, பிற்காலத்தில் 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட பேரறிஞர் அவரே.

அக்காலத்து ரஷ்யாவில் யூதர்கள் மீது கொடிய தாக்குதல்கள் நிகழ்ந்தன. 1881ஆம் ஆண்டில் ஒடெஸாவில் வன்முறை மூண்டபோது, தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞருள் ஹாஃப்கினும் ஒருவராய் நின்று காயமுற்றார், சிறையும் புகுந்தார். ஆசிரியர் மெச்னிக்கோவ் தலையிட்டதனால் விடுதலை கிட்டியது. கல்வியில் அவர் சிறந்து விளங்கியபோதிலும், பேராசிரியப் பணிக்குச் செல்லும் வழி அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. சமயம் மாறினால் வழி திறக்கும் என்ற நிலையிலும் அவர் அதற்கு இசையவில்லை. நகரின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1888ஆம் ஆண்டில் ஜெனீவாவிற்கும், அடுத்த ஆண்டு பாரிசுக்கும் பெயர்ந்தார்.

பாரிசில் லூயி பாஸ்டரின் ஆய்வு நிறுவனத்தில் மெச்னிக்கோவ் முன்னரே சேர்ந்திருந்தார். மாணவருக்கு அங்குக் கிட்டியதோ நூலகப் பணி மட்டுமே. பகலில் நூல்களை எடுத்துக் கொடுத்தும், எஞ்சிய பொழுதில் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்தும் அவர் தம் நாள்களைக் கழித்தார். மருத்துவப் பட்டம் பெறாத விலங்கியலாளர் என்பதும் அவருக்கு ஒரு குறையாகவே பிறரால் எண்ணப்பட்டது. பின்னாளில் இந்தியாவில் அவரை எதிர்த்த மருத்துவ அதிகாரிகள் சிலர்க்கும் இதுவே கருவியாயிற்று.

தோலின் வழியே காலராவை வெல்லுதல்

வாந்திபேதி என்று நம் மக்கள் அஞ்சி நடுங்கிய காலரா நோயின் கிருமியை ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். அக்கிருமி நீரோடும் உணவோடும் வாய்வழி புகுந்து குடலை அடைந்தே நோயை விளைவிக்கிறது. அதே கிருமியைத் தோலுக்கடியில் செலுத்தினால் என்னாகும்? அது குடலை அடையாமையால் காலரா தோன்றுவதில்லை. ஆயினும் உடலின் காவற்படை அக்கிருமியை அடையாளம் கண்டு, மறுமுறை வரும்போது எதிர்க்கும் திறனைப் பெற்றுவிடுகிறது. ஸ்பெயின் நாட்டில் ஃபெரான் என்பவர் 1885ஆம் ஆண்டிலேயே இவ்வழியில் முயன்றிருந்தார். ஆனால் அவர்தம் மருந்தின் வீரியம் நிலையானதாய் அமையவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வீரியமுடைய மருந்தினை ஆக்குவது எங்ஙனம் என்பதே ஹாஃப்கின் எடுத்துக்கொண்ட சிக்கலாகும்.

அவர் கிருமியைக் கினிப்பன்றிகளின் உடலில் அடுத்தடுத்துச் செலுத்தி அதன் வீரியத்தை மிகுவித்தார். மற்றொரு பகுதியை வெப்பமூட்டி வளர்த்து வீரியம் குறைத்தார். முதலில் வீரியம் குன்றியதனையும், சில நாள் கழித்து வீரியம் மிக்கதனையும் தோலுக்கடியில் ஏற்றுவதே அவரது முறையாகும். முதலாவது ஊசி இரண்டாவதனைத் தாங்கும் வலிமையை உடலுக்கு வழங்கும். விலங்குகளிடம் பயன் கண்டபின், மனிதர்க்கு இது தீங்கற்றதா என அறிய வேண்டியிருந்தது. 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அவர் அம்மருந்தினைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்து நீங்கின. அதன் பின்னரே பிறர்க்கு அளிக்கத் துணிந்தார்.

தாம் பிறந்த ரஷ்யாவிற்கு இம்மருந்தினை வழங்க முன்வந்தபோது அந்நாட்டு அரசு ஏற்க மறுத்தது. காலரா ஆண்டுதோறும் உயிர்களைக் கவர்ந்துகொண்டிருந்த இந்தியாவே தம் பணிக்குரிய களம் என உணர்ந்து, 1893ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

கல்கத்தாவின் குடிசைகளில்

வேற்று நாட்டார் ஒருவர் கையில் ஊசியுடன் வந்து நோய்க்கிருமியையே உடலில் ஏற்றுவேன் என்றால் எவர்தாம் உடன்படுவர்? அதிலும் ஆள்வோரின் இனத்தை ஒத்த வெள்ளைத் தோலுடையவர் அவர். அவர் ஆங்கிலேயர் அல்லர், ரஷ்ய நாட்டிலிருந்து வந்தவர் என்பதனால் ஆங்கில அதிகாரிகளும் அவரை ஐயுற்றனர். இருபுறத்து ஐயங்களுக்கும் நடுவில் நின்றே அவர் தம் பணியைத் தொடங்க வேண்டியிருந்தது. வட இந்தியாவில் ஆக்ரா முதலிய நகரங்களில் முதற்கண் பணி நடைபெற்றது. படைவீரரும், சிறைவாசிகளும், பின்னர் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் ஊசி ஏற்றுக்கொண்டனர்.

1894ஆம் ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தாவின் காட்டல் பகான் என்னும் குடிசைப் பகுதியில் நிகழ்ந்தது நம் கருத்தில் நிற்கத்தக்கது. அங்குக் காலராவால் உயிரிழப்பு நேர்ந்த செய்தி கேட்டு ஹாஃப்கின் தம் துணைவர்களோடு சென்றார். சௌதுரி, கோஷ், சட்டர்ஜி, தத் என்னும் வங்காள மருத்துவர்கள் நால்வர் அவருக்குப் பெருந்துணையாய் விளங்கினர். முதலில் அவர்களை வரவேற்றவை கற்களே. ஹாஃப்கின் பின்வாங்கவுமில்லை, காவலரை அழைக்கவுமில்லை. மக்கள் அனைவரும் காண, ஊசியைத் தம் உடலிலேயே முதலில் ஏற்கச் செய்தார். அதனைக் கண்டபின் மக்கள் ஒருவர்பின் ஒருவராய் முன்வந்தனர். ஏறத்தாழ இருநூறு பேர் வாழ்ந்த அப்பகுதியில் 116 பேர் ஊசி ஏற்றுக்கொண்டனர். அதன்பின் அங்குப் பதின்மர்க்குக் காலரா கண்டது. எழுவர் மாண்டனர். அப்பதின்மருள் ஒருவரேனும் ஊசி ஏற்றவர் அல்லர்.

ஈராண்டுக் காலத்தில் நாற்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர்க்கு அவர் ஊசி ஏற்றினார். ஒரே ஊரில், ஒரே குடியிருப்பில் ஊசி ஏற்றவரையும் ஏலாதவரையும் தனித்தனியே எண்ணி ஒப்பிட்ட அவர்தம் கணக்குமுறை, மருந்தின் பயனை அளந்தறியும் பிற்கால ஆய்வுகளுக்கு முன்னோடியாகத் திகழ்கிறது. இடைவிடாத உழைப்பும் மலேரியாக் காய்ச்சலும் அவரை வாட்டவே, 1895ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று, சிறிது தேறியதும் மறு ஆண்டே இந்தியா திரும்பினார்.

பம்பாயில் பிளேக்

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. மக்கள் பல்லாயிரக்கணக்கில் நகரைவிட்டு வெளியேறினர். அரசின் அழைப்பினை ஏற்று அக்டோபர் 7ஆம் நாள் பம்பாய் வந்த ஹாஃப்கினுக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதனை ஒட்டிய நடைவழியும் ஒதுக்கப்பட்டன. ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும் துணை. இவ்வளவே அவர்தம் ஆய்வுக்கூடம்.

அவர் வகுத்த முறை எளிமையானது. கிருமிகளை ஊன்சாற்றில் வளர்த்து, அதன்மீது நெய்த்துளிகளை மிதக்க விட்டார். நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகள் போல் கீழ்நோக்கி வளர்ந்தன. நன்கு வளர்ந்தபின் வெப்பமூட்டிக் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்துப் புட்டிகளில் அடைத்தார். கிருமி இறந்துபடினும், அதனை உடலுக்கு அறிமுகம் செய்விக்கும் தன்மை அச்சாற்றில் எஞ்சியிருந்தது. ஈண்டு நுண்ணிதின் நோக்கத்தக்க ஒன்றுண்டு. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இந்நாட்டு மக்களின் சமய உணர்வுக்கு ஏலாதன என்பதனை உணர்ந்து, அவர் ஆட்டிறைச்சியிலிருந்தே ஊன்சாறு வடித்தார். தோலைக் கடந்து செல்வது மனத்தையும் கடந்தாக வேண்டும் என்பதனை அறிந்தவர் செயல் இது எனலாம்.

மூன்று திங்களில் மருந்து உருவாயிற்று. 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ஹாஃப்கின் அதனைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். பிறர்க்கு ஏற்றவிருந்த அளவினும் மும்மடங்கிற்கு மேற்பட்டதாக, 10 கன சென்டிமீட்டர் அளவு ஏற்றுக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. கடுங்காய்ச்சலும் வலியும் தணிந்தபின், பைக்குலாச் சிறையில் பிளேக் பரவியபோது, தாமே முன்வந்த சிறைவாசிகளுக்கு ஊசி ஏற்றப்பட்டது. ஏற்றவரைக் காட்டிலும் ஏலாதவரிடையே நோய் மிகுதியாய்க் கண்டது. அரசு அமைத்த பிளேக் ஆணையமும் பின்னர் ஆராய்ந்து, இவ்வூசி முழுமையான காப்பு அன்றெனினும் நோயையும் இறப்பையும் கணிசமாகக் குறைப்பது உண்மை என்று முடிவு கூறியது. ஹாஃப்கின் தாமும் தம் மருந்திற்கு அதற்கு மேற்பட்ட பெருமையைக் கோரினாரில்லை.

பிளேக் நோய் மனிதரை அடைவதும் தோலின் வழியேதான் என்பது அடுத்த ஆண்டில் வெளிப்பட்டது. பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் லூயி சிமோண்ட், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதனால் கிருமி பரவுவதனை 1898ஆம் ஆண்டு கராச்சியில் ஆய்ந்து காட்டினார். தெள்ளுப்பூச்சியின் கொடுக்கு நோயை உட்செலுத்திய அதே தோலில், ஹாஃப்கினின் ஊசி காப்பினை உட்செலுத்தியது.

வற்புறுத்தலும் உடன்பாடும்

பிளேக் நோயைத் தடுக்க ஆங்கில அரசு மேற்கொண்ட முறைகள் கடுமையானவை. படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர். நோயுற்றாரைக் குடும்பத்தினின்று பிரித்துக் கொண்டு சென்றனர். உடைமைகளைத் தீக்கிரையாக்கினர். மகளிரின் மானம் காக்கப்படவில்லை என மக்கள் குமுறினர். அக்குமுறலின் விளைவாகப் புனே நகரின் பிளேக் அதிகாரி ராண்ட் 1897ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார் என்பதனை வரலாறு பயில்வோர் அறிவர். அவ்வாண்டில் பம்பாயிலிருந்து ஹஜ் பயணம் தடைசெய்யப்பட்டமையும் இசுலாமியரிடையே ஆழ்ந்த வருத்தத்தை விளைவித்தது.

இத்தகைய சூழலில் அரசின் எந்தச் செயலும் ஐயத்திற்குரியதாயிற்று. ஊசியும் அதற்கு விலக்கன்று. ஊசியினால் ஆண்மை குன்றும், சாதி கெடும், சமயம் கெடும் என்றெல்லாம் வதந்திகள் உலவின. ஹாஃப்கின் வற்புறுத்தலை என்றும் விரும்பினாரல்லர். தாமே முன்வருவோர்க்கே ஊசி என்பது அவர்தம் கொள்கை.

அந்நேரத்தில் அவருக்குத் துணை நின்றவர், இஸ்மாயிலியரின் சமயத் தலைவராகிய மூன்றாம் ஆகாகான். அப்போது அவருக்கு வயது இருபதைக்கூட எட்டவில்லை. தம் மக்கள் ஊசிக்கு அஞ்சுவதனைக் கண்ட அவர், அறிவுரை கூறுவதோடு அமையாமல், பலரும் காணத் தாமே முதலில் ஊசி ஏற்றுக்கொண்டார். மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்து மக்களின் அச்சத்தை அகற்றினார். தம்முடைய குஷ்ரு லாட்ஜ் என்னும் மாளிகையை ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்திற்கு ஈந்தார். அவரைப் பின்பற்றிக் கோஜா சமுதாயத்தார் ஆயிரக்கணக்கில் ஊசி ஏற்றுக்கொண்டனர். யூத அறிஞர் ஒருவர் ஆக்கிய மருந்தினை முஸ்லிம் தலைவர் ஒருவர் தம் இல்லத்தில் இடமளித்துப் போற்றியதும், இந்து, பார்சி மருத்துவர்கள் அதனை மக்களிடம் கொண்டு சென்றதும் நம் நாட்டு வரலாற்றின் ஒளிமிக்க பக்கங்களாகும். படைவீரரின் துப்பாக்கியால் ஆகாதது ஒருவர் தம் கையை நீட்டியதனால் ஆயிற்று.

1899ஆம் ஆண்டு ஆகஸ்டில் பரேல் பகுதியிலிருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு ஆய்வுக்கூடம் இடம்பெயர்ந்தது. ஓர் அறையில் தொடங்கிய பணி ஒரு மாளிகையை நிறைத்தது.

மல்கோவால் துயரம்

புகழின் உச்சியில் நின்றவர்க்குப் பேரிடி ஒன்று காத்திருந்தது. பஞ்சாபில் பிளேக் பரவியதால் பெருமளவில் மருந்து தேவைப்பட்டது. 1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இன்றைய பாகிஸ்தானில் உள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர்க்கு ஊசி ஏற்றப்பட்டது. ஒருவார காலத்தில் அவர்களுள் 19 பேர்க்கு இரணஜன்னி கண்டது. 19 பேரும் மாண்டனர். அவர்கள் அனைவரும் ஒரே புட்டியிலிருந்த மருந்தினை ஏற்றவர்கள். பிற புட்டிகளிலிருந்து ஏற்றவர் எவர்க்கும் ஊறு நேரவில்லை.

பழி முழுதும் ஹாஃப்கின்மீது விழுந்தது. மருந்தினை விரைந்து ஆக்கும் பொருட்டு அவர் கார்பாலிக் அமிலத்தை விடுத்து வெப்பத்தை மட்டுமே நம்பியமையால், பரேல் ஆய்வுக்கூடத்திலேயே மருந்து மாசுபட்டது என விசாரணைக் குழு கருதியது. இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் விலக்கப்பட்டார். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தார் அதே முறையைக் கையாண்டு வந்தமையை அவர் எடுத்துக் காட்டியும் பயனில்லை. இந்தியாவை நீங்கி இலண்டன் சென்று, தம்மீது சுமத்தப்பட்ட பழியைக் களைய நீண்டகாலம் போராடினார்.

மெய்ம்மையோ அவ்விசாரணையின் ஏடுகளிலேயே கிடந்தது. அன்று மல்கோவாலில் புட்டியைத் திறந்த உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை முறையாகக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யாமல், மருந்துநீரில் சற்றே அலசிவிட்டு அதனாலேயே தக்கை அகற்றப்பட்டது. மண்ணில் வாழ்வது இரணஜன்னிக் கிருமி. அக்கிருமி புட்டியில் முன்னரே வளர்ந்திருப்பின், திறந்தபோதே கெட்ட வாடை வீசியிருக்கும். அத்தகைய வாடை எதுவும் வீசவில்லை என்பதும் பதிவாகியிருந்தது. மலேரியா கொசுவால் பரவுவதனைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் இவற்றை எடுத்துக்காட்டி ஹாஃப்கினுக்காக வழக்காடினார். 1907ஆம் ஆண்டு ஜூலையில் ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் இலண்டன் டைம்ஸ் இதழில் கூட்டாக மடல் வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் அரசு அவர்மீதிருந்த பழியை நீக்கியது. பிரான்சு நாட்டில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட யூதப் படை அதிகாரி டிரைஃபஸின் வழக்கோடு ஒப்பிட்டு இதனைப் பலர் பேசினர்.

ஐந்து ஆண்டுகள் ஓர் அறிஞரின் வாழ்விலிருந்து பறிக்கப்பட்டன. ஆயினும் அவர்தம் இழப்பினும் பெரிது மல்கோவால் மக்களின் இழப்பு என்பதனை நாம் மறத்தலாகாது. தம்மைக் காக்கும் என நம்பிக் கையை நீட்டிய 19 பேர், கீழே விழுந்த ஓர் இடுக்கியால் மாண்டனர். வாய்வழி உண்ணும் மருந்தில் சிறிது மாசு கலப்பினும் வயிற்றின் அமிலம் அதனை ஓரளவு அழிக்கும். தோலைத் துளைத்துச் செல்லும் மருந்திற்கு அத்தகைய இரண்டாம் காவல் இல்லை. ஆகவே ஊசி ஏந்தும் கை எவ்வளவு தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதனை அவ்வூரின் துயரம் உலகிற்கு உணர்த்தியது.

இறுதி நாள்கள்

பழி நீங்கியபின் ஹாஃப்கின் இந்தியாவிற்கே மீண்டும் வந்தார். ஆனால் அவர் நிறுவிய பம்பாய் ஆய்வுக்கூடத்தின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணி தரப்பட்டது. மக்களிடம் மருந்தினைச் செலுத்தி ஆராயும் வாய்ப்பு அங்கு அவருக்கு வழங்கப்படவில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தை ஒட்டி ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். திருமணம் செய்துகொள்ளாத அவர் தம் இறுதிக் காலத்தைச் சமய ஈடுபாட்டிலும் எளிய வாழ்விலும் கழித்தார். தம் பொருளனைத்தையும் யூத மாணவரின் கல்விக்கென ஓர் அறக்கட்டளையாக்கி, 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் மறைந்தார்.

அவர் வாழ்நாளிலேயே, 1925ஆம் ஆண்டில், பரேல் ஆய்வுக்கூடத்திற்கு ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் சூட்டப்பட்டது. 1897ஆம் ஆண்டு முதல் 1925 வரை அங்கிருந்து அனுப்பப்பட்ட பிளேக் தடுப்பு மருந்து 2 கோடியே 60 இலட்சம் அளவுகள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. 1964ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இன்று நாம்

ஹாஃப்கின்மீதிருந்த பழி நீங்கிய 1907ஆம் ஆண்டு, தென்னகத்து மருத்துவ வரலாற்றிலும் நினைக்கத்தக்க ஆண்டாகும். புதுக்கோட்டை மண்ணில் 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும், குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டில்தான். வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போட்டுக்கொண்ட காலத்தை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார். அப்பழைய மருந்து 2004ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் 0.1 மில்லிலிட்டர் அளவேயான மருந்து, தோலின் அடுக்குகளுக்கிடையில், கைகளில் இடப்படுகிறது. தோலிலேயே காவல் அணுக்கள் நிறைந்திருத்தலால் சிறிதளவு மருந்தே பெரும்பயன் தருகிறது. மருந்தும் மிச்சம், நோவும் குறைவு.

ஊசியில்லாமலே தோலைக் கடக்கும் முறைகளும் வந்துள்ளன. பயணத்தில் வரும் குமட்டலைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புகைப்பழக்கத்தைக் கைவிடவும், புற்றுநோயின் தீரா வலியைத் தணிக்கவும் இத்தகைய ஒட்டுப்பட்டைகள் இன்று உதவுகின்றன. நெற்றிப் பற்றின் கொள்கையே புதிய வடிவம் கொண்டு வந்துள்ளது எனல் மிகையாகாது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், அகமதாபாத் நிறுவனம் ஒன்று ஆக்கிய தடுப்பு மருந்திற்கு இந்திய அரசு ஒப்புதல் வழங்கியது. ஊசியின்றி, நுண்ணிய நீர்த்தாரையின் விசையால் தோலுக்குள் செலுத்தப்படும் மருந்து அது.

கருவிகள் எவ்வளவு மாறினும், மாறாத ஒன்றுண்டு. அப்பெருந்தொற்றுக் காலத்திலும் ஊசியைப் பற்றிய வதந்திகள் ஊர்தோறும் உலவின. காட்டல் பகானிலும் பம்பாயிலும் ஒலித்த அதே அச்சக் குரல்கள் நம் தெருக்களிலும் ஒலித்தன. அச்சமுற்றோரை இகழ்வதால் அச்சம் அகலுவதில்லை. அவர்களுக்கு நன்கறிமுகமான ஒருவர் முதலில் தம் கையை நீட்ட வேண்டும். ஜமாஅத் தலைவரும், ஊர்ப் பெரியவரும், ஆசிரியரும் ஆற்றத்தக்க பணி இது. ஹஜ் செல்லும் பயணிகள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட சான்றினை இன்று இயல்பாக எடுத்துச் செல்கின்றனர். ஒருகாலத்தில் அஞ்சப்பட்ட ஊசி இன்று பயண ஏற்பாடுகளுள் ஒன்றாகிவிட்டமைக்கு, முன்னின்று கைநீட்டிய பலரின் துணிவே காரணம்.

மருத்துவம், செவிலியம், மருந்தியல் எனப் பல துறைகளை நாடிச் செல்லவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் ஹாஃப்கின் வாழ்விலிருந்து இரண்டினைக் கொள்ளுதல் நன்று. பிறர்க்கு அளிக்கும் மருந்தினை முதலில் தாம் ஏற்கும் நேர்மை ஒன்று. தரையில் விழுந்த இடுக்கியைக் கொதிநீரில் இடாமல் எடுக்காத கவனம் மற்றொன்று. முன்னதனைக் காட்டல் பகான் மக்கள் கண்டு கைநீட்டினர். பின்னது இல்லாமையால் மல்கோவாலில் பத்தொன்பது வீடுகள் இருண்டன.